சனிக்கிழமை மத்தியானக் காட்சி

மகனே,

நலம் விசாரிக்கிற வரிகளை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம். நீ நலமாக இருப்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. பதுளைத் தபாலில் உன் லண்டன் கடிதம் வந்த அன்று உங்கப்பா அதை உரக்க வாசித்துக் காட்டினார். கேட்கும்போதே எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானே இன்னொரு முறை வாசித்தேன். 'பதில் நான் எழுதுறேன், நீ சொல்லு' என்றார். வேண்டாம் என்றேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். என் கோபத்தை எழுத எனக்கு எழுத்துத் தெரியும்.

நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன். எழுதியவனுக்கு அது எப்படி இருக்கிறது என்று பார். லண்டன் வந்து மூன்று வருடமாகிறதாம். பிள்ளை பிறந்த பிறகு ஓர் இடமும் பார்க்க முடியவில்லையாம். பூமிக்கு அடியில் போகிற ரயிலில் ஏற்றினால் அழுகிறானாம். தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினால் முதுகு விட்டுப்போகிறதாம். காட்சிச்சாலைக்குள் போன பத்தாவது நிமிடம் தரையில் படுத்து உருளுகிறானாம். அதனால் அடுத்த மாதம் ஊருக்கு வருகிற உன் சிநேகிதனிடம் அவனைக் கொடுத்து அனுப்புகிறாய். நாங்கள் கொழும்புக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு வருடம் வளர்த்துத் தர வேண்டும். கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: 'ரெண்டு வயசுப் பிள்ளைக்கு என்னம்மா தெரியும், ஒண்ணும் ஞாபகம் இருக்காது.'

பிழைப்புக்கு வழியில்லை, நானும் மருமகளும் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு தெமோதரை ஸ்டேசனில் போய் நின்றிருப்பேன். ஆனால் மருமகள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ ஊர் பார்க்க வேண்டும், அதற்குப் பிள்ளை இடைஞ்சல். இதைத்தான் இரண்டு பக்கத்துக்கு வளைத்து வளைத்து எழுதியிருக்கிறாய். போதாதற்கு எனக்கே ஒரு குத்து வேறு: 'நீங்களும் எங்களைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுத்தானே வளர்த்தீங்க, நாங்க கெட்டா போயிட்டோம்?'

ஆமாம், விட்டோம். விடியற்காலையில் வேலைக்குக் கூப்பிடத் தப்பு அடித்ததும் எழும்பி, உன்னைத் தூக்கத்திலேயே வாரி எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைக்காம்பராவில் ஆயா கையில் கொடுத்துவிட்டு, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க ஓடினேன். ஒரு நிமிடம் பிந்தினால் கங்காணி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவான். உன்னை விட்டுப் போக எனக்கு விருப்பமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போது பால் கட்டி நெஞ்சு வலிக்கும். பத்து மணிக்குத்தான் இறங்கி வந்து கொடுக்க விடுவார்கள். எங்களுக்குத் தப்பு அடித்தார்கள், போனோம். உனக்கு அங்கே எவன் தப்பு அடிக்கிறான்?

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. நாலு நாளாக அடுப்படியில் நின்றாலும் தண்ணீர்ப் பீலிக்குப் போனாலும் அதுதான் காதில் கேட்கிறது. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லித்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். உனக்கு மட்டுமல்ல, உங்கப்பாவுக்கும் தெரியாது. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அவர் கையில் வாசிக்கக் கொடுப்பேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது.

உனக்கு இரண்டு வயதில் நாம் மெட்ராஸ் போன கதை உனக்குத் தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கிறேன். தேயிலை ஸ்டோரில் இயந்திரத்தின் வார் அறுந்து உங்கப்பாவின் கண்ணில் அடித்தது. இங்கே பார்த்துப் பார்த்து முடியாமல் மெட்ராசில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். பெரியப்பா குடும்பம் முன்பே இந்தியா போய் வியாசர்பாடியில் குடியிருந்ததால் தங்க இடம் இருந்தது. பயணக் கடுதாசிகளுக்காக அரசாங்கக் கச்சேரி கச்சேரியாக அலைந்த கதையை இப்போது சொல்லவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, பிறகு ரயிலேறிப் போய்ச் சேர்ந்தோம். மூன்று தலைமுறைக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாம் என்பார்கள். எனக்கு அது அந்நிய ஊராகத்தான் இருந்தது. பேசுகிற பேச்சு புரிந்தது, அவ்வளவுதான்.

உங்கப்பாவின் இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். பதினைந்து நாள் அசையக்கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் பார்க்க விடுவார்கள். அதுவரைக்கும் பகல் முழுக்க எனக்கு வேலை இல்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக என்னை எழுப்பத் தப்புச் சத்தம் இல்லை, கங்காணி இல்லை, முதுகில் கூடை இல்லை. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இதைச் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டணத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன்.

முதல் நாளே பஸ்ஸில் அசிங்கப்பட்டேன். வெளியே போவதென்றால் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையும் குல்லாவும் போடுவதுதானே நம் பழக்கம். அதே மாதிரி உன்னைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன், மெட்ராஸ் வெயிலில். பக்கத்தில் இருந்த அம்மா, 'குழந்தைய அவிச்சுப்புடுவ போலிருக்கே, எந்த ஊரும்மா நீ?' என்று குல்லாவைப் பிடுங்கி எறிந்தாள். பஸ்ஸே சிரித்தது. செத்த காலேஜ் என்று அங்கே சொல்கிற காட்சிச்சாலைக்குப் போனேன். நீ தரையில் படுத்து உருண்டாய். ஆமாம், உன் மகனைப் போலவேதான். காவல்காரன் வந்து வெளியே போகச் சொன்னான். உயிர் காலேஜில் புலிக்கூண்டைப் பார்க்காமல் கடலைத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். கடற்கரை மணலில் இறக்கிவிட்டால் கால் சுடுகிறது என்று கத்தினாய். நடக்க மாட்டாய், தூக்கினால் இறங்க வேண்டும் என்பாய், இறக்கினால் தூக்கு என்பாய். உடம்பெல்லாம் வேர்க்குரு. என் இடுப்பு ஒடிந்துபோனது. ஐந்தாவது நாள் உன் தொடையில் கிள்ளினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்தச் சனியன் இல்லாமல் இந்த ஊரைப் பார்க்க முடியாதா என்று நினைத்தேன். அதனால் உன் முதுகுவலி எனக்குப் புரியாது என்று நினைக்காதே.

மவுண்ட் ரோடில் ஒரு பெரிய தியேட்டர் இருந்தது. உள்ளே குளிரூட்டி வைத்திருப்பார்கள் என்று பெரியம்மா சொல்லியிருந்தார். கதவைத் திறந்து மூடும்போது அந்தக் குளிர் ரோடு வரைக்கும் வரும். நான் தினமும் அந்த வழியாகப் போய், அந்தக் காற்றுக்காகவே கொஞ்சம் நிற்பேன். நம் ஊர் மார்கழிக் குளிர் மாதிரி இருக்கும். உன்னை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது என்று எனக்குத் தெரியும். வியாசர்பாடியில் விட்டுவிட்டு வரலாம் என்றால் பெரியம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்.

அந்தத் தியேட்டருக்குப் பின்பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பெண்கள் தலையில் கல்லும் கலவையும் சுமந்து சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கிளையில் இரண்டு சேலைத் தொட்டில் தொங்கியது. கீழே ஐந்தாறு பிள்ளைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் வயதைவிடப் பத்து வயது கூட இருக்கும். இதைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியாது. தோட்டத்தில் பிறந்த எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பிள்ளைக்காம்பரா. தொட்டில் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆயா இருக்கிறாள். நம் தோட்டத்தில் எந்த டிவிசனுக்கு வேலைக்குப் போனாலும் அங்கே இருக்கிற காம்பராவில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவோம். ஆயாவின் பெயரைக்கூடக் கேட்க மாட்டோம். சாயங்காலம் போனால் பிள்ளை இருக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு உன்னை அவள் மடியில் இறக்கினேன். 'ஆயாம்மா, பிள்ளையப் பாத்துக்கங்க, நாலு மணிக்கு வாரேன்' என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'சரி போ, மேஸ்திரி கத்தப் போறான்' என்றாள். அந்த வார்த்தை எனக்குப் பழகிய வார்த்தையாக இருந்தது. நீ அழுதாய். பிள்ளைக்காம்பராவில் எல்லாப் பிள்ளையும்தான் முதலில் அழும். திரும்பிப் பார்க்காமல் போனேன்.

மத்தியானக் காட்சி பார்த்தேன். என்ன படம் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் அந்தக் குளிரில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். இடைவேளையில் கலர் வாங்கிக் குடித்தேன். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூட உன் நினைப்பு வரவில்லை. நான் செய்த தப்பிலேயே எனக்கு இன்றைக்கும் மன்னிக்க முடியாதது இதுதான். தெரியாத ஊரில் தெரியாதவளிடம் கொடுத்தது மடத்தனம். மறந்துபோனது மடத்தனம் இல்லை.

திரும்பி வந்தபோது மரத்தடியில் ஒருவரும் இல்லை. தொட்டிலும் இல்லை. கட்டடத்தில் சத்தமே இல்லை. ஒரு காவல்காரக் கிழவர் மட்டும் பீடி குடித்துக்கொண்டிருந்தார். 'சனிக்கெழம அரை நாளும்மா. எல்லாரும் லாரில போயிட்டாங்க' என்றார். எங்கே என்று கேட்டேன். 'வேற எடத்துல குடிசை போட்டிருக்காங்க. எங்கேன்னு எனக்குத் தெரியாது. திங்கக்கெழம வருவாங்க' என்றார். அந்தத் தெருவில் மேலும் கீழும் ஓடினேன். கண்ட லாரிக்குப் பின்னால் எல்லாம் ஓடினேன். போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் கேட்டார்: 'யாராண்ட குட்த்த?' தெரியாது என்றேன். 'பேரு இன்னா?' தெரியாது என்றேன். 'தெரியாதவ கைல புள்ளயக் குட்த்துட்டு நீ எங்கம்மா போன?' அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாவிட்டால் உங்கப்பா பயந்துவிடுவார் என்று போனேன். கண்கட்டோடு படுத்திருந்தவர் கையை நீட்டி என் இடுப்பைத் தடவினார். தினமும் அப்படித்தான் உன்னைத் தேடுவார். 'எங்க நம்ம பய?' என்றார். 'பெரியம்மா வச்சிருக்காங்க, தூங்குறான்' என்றேன். 'நல்லது, வெயில்ல தூக்கிக்கிட்டு அலையாத' என்றார். என் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அதற்காக அன்றைக்கு நான் சாமிக்கு நன்றி சொன்னேன். புருஷனுக்குக் கண் தெரியாமல் இருப்பதற்கு நன்றி சொன்ன பெண்சாதி நான்.

மறுபடியும் அந்தக் கட்டடத்துக்கு ஓடி வந்தேன். பொழுது சாய்கிற நேரம். தெருக்கோடியில் ஒருத்தி நொண்டி நொண்டி வருவது தெரிந்தது. தோளில் ஒரு பிள்ளை. அப்போதுதான் அவள் வலது காலில் பெரிய துணிக்கட்டு இருப்பதைப் பார்த்தேன். மத்தியானம் அதை நான் கவனிக்கவே இல்லை. காலில் கல் விழுந்ததால் அவளால் சுமை தூக்க முடியவில்லை. அதனால்தான் மரத்தடியில் உட்கார்ந்து தன் பிள்ளைகளையும் தங்கச்சி பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் ஆயாவும் இல்லை, அது பிள்ளைக்காம்பராவும் இல்லை. என்னை அன்றைக்குப் புதிதாக வேலைக்கு வந்த சித்தாள் என்று நினைத்திருக்கிறாள். லாரியில் நான் ஏறவில்லை என்பது குடிசைக்குப் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. அந்தக் காலோடு, உன்னைத் தூக்கிக்கொண்டு, அவ்வளவு தூரமும் நடந்து வந்திருக்கிறாள். காலில் கட்டியிருந்த துணியில் இரத்தம் ஊறியிருந்தது.

கிட்ட வந்ததும் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். 'நீ பெத்த புள்ளதானா இது? எங்கடி போன?' என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'புருஷன் ஆஸ்பத்திரில கெடக்காரு, ரெண்டு கண்ணும் கட்டிருக்கு' என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எல்லாம் சேர்ந்து பச்சைப் பொய். அவள் முகம் மாறிவிட்டது. 'தெரியாம கை நீட்டிட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத' என்று என் கன்னத்தைத் தடவினாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், நான் வாங்கிக்கொண்டேன். இருபத்துநாலு வருடமாக அந்தத் தடவல்தான் எனக்கு வலிக்கிறது.

'வாடா ராசா' என்று உன்னிடம் கையை நீட்டினேன். நீ வரவில்லை. என்னைப் பார்த்துவிட்டு முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டாய். வாயில் கூழ் காய்ந்திருந்தது, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். உன் விரலை ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்றைப் போட்டுப் பிடித்தாய். பிரித்து என் கையில் கொடுத்ததும் 'ம்மா, ம்மா' என்று அழுதாய். எந்த அம்மாவைக் கூப்பிட்டாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுடைய பெயரை அப்போதும் நான் கேட்கவில்லை.

இரண்டு வயசுப் பிள்ளைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது என்கிறாய். உனக்கு ஞாபகம் இல்லைதான். ஆனால் ஊருக்கு வந்த பிறகு ஆறு மாதம், பிள்ளைக்காம்பராவின் அரைக்கதவைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றாய். மற்றப் பிள்ளைகள் தூங்கும், நீ நிற்பாய். ஆயா திட்டுவாள், 'என்னாடி செஞ்ச இவன, கதவ விட மாட்டேங்குறான்.' லயத்து அறையில் தூங்கும்போது என் சேலைத் தலைப்பை உன் மணிக்கட்டில் முடிந்தால்தான் கண்ணை மூடுவாய். ஞாபகம் இல்லாத பிள்ளை ஏன் முடிச்சுப் போடச் சொல்கிறது? சொல், படித்தவன்தானே நீ.

உனக்கு ஊர் பார்க்கத் தெரியவில்லை, அதுதான் விசயம். எனக்கும் தெரியவில்லை, அந்தச் சனிக்கிழமை வரைக்கும். மிச்சம் இருந்த நாளெல்லாம் நான் உன்னை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நீ போகிற பக்கம் போனேன். நீ பஸ் நிற்கிற இடத்தில் குந்தினால் நானும் குந்தினேன். ஒரு காலை முழுக்கச் சுவரொட்டி தின்கிற ஆட்டைப் பார்த்தோம். கரும்புச்சாறு இயந்திரத்தின் சக்கரத்தை நீ பார்த்த பார்வையில் கடைக்காரர் சும்மாவே ஒரு குவளை கொடுத்தார். பூக்காரி, ரிக்சாக்காரர், சோடாக்கடைக்காரர் எல்லாரும் உன்னால்தான் என்னிடம் பேசினார்கள். சிலோனிலிருந்து வந்தவள் என்று ஒதுக்காமல் உட்கார இடம் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாமல் படம் பார்க்கப் போன அந்த மத்தியானம் தியேட்டரில் ஒரு மனிதர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நீயும் அந்தக் காட்சிச்சாலையை விட்டுத்தள்ளு. வாசல் படியில் அவன் ஏறி இறங்கட்டும், நீயும் மருமகளும் பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் படியும் லண்டன்தான். முதுகு வலித்தால் மாற்றி மாற்றித் தூக்குங்கள். என் கூட மாற்றித் தூக்க ஆள் இல்லை, உனக்கு ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்டாயா, பிள்ளையை அனுப்பச் சம்மதமா என்று? உன் கடிதத்தில் அவள் கையெழுத்தைக் காணவில்லையே.

எனக்குப் பேரன் மேல் ஆசை இல்லை என்று நினைக்காதே. படத்தைத் தவிர அவனை நான் பார்த்ததில்லை. அனுப்பினாயானால் கொழும்புக்கு வருவேன். வராமல் இருக்க என்னால் முடியாது. அவனைத் தூக்கிக்கொண்டு பதுளை ரயிலில் ஏறி, வழியெல்லாம் வேடிக்கை காட்டிக்கொண்டு வருவேன். கூழ் ஊட்டுவேன், தலைக்கு எண்ணெய் வைப்பேன். கொஞ்ச நாள் வாசலைப் பார்த்து அழுவான், பிறகு விட்டுவிடுவான். என்னை அம்மா என்று கூப்பிடுவான், நான் திருத்த மாட்டேன். மூன்று வருடமோ நாலு வருடமோ கழித்து நீ ஊரெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து கையை நீட்டுவாய். அவன் என் கழுத்தில் முகத்தைப் புதைப்பான். அப்போது என்னைப் பார்க்காதே. அவன் விரலைப் பிரித்துத் தர என்னால் முடியாது.

அம்மா